ஒன்பது வாக்கு வித்தியாசம்: திருப்பி எண்ணுவதா, திரும்பவும் வாக்குப் போடுவதா?

மட்டக்களப்பில் தேர்தல் என்றதும் பாராளுமன்றமும் மாநகர சபையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கோயில் நிர்வாக சபைத் தேர்தலின் சூடு ஊருக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். படுவான்கரையில் ஒரு கண்ணகை அம்மன் கோயில். ஊரைச் சொல்லப்போவதில்லை. ஆளை அடையாளம் காட்டாதபடி எண்களையும் மாற்றித்தான் தருகிறேன். தலைவர் பதவிக்கு இரண்டு பேர், இரகசிய வாக்கெடுப்பு, இரண்டு பெட்டி. விழுந்த சீட்டு 1,046. ஒருவருக்கு 512, மற்றவருக்கு 503, நிராகரித்தவை 31. வித்தியாசம் 9.

விடிந்ததும் ஒரு புகாரும் வந்தது. சந்தா கட்டாத 22 பேர் வாக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்களின் சீட்டும் மற்றச் சீட்டுகளோடு கலந்துவிட்டது, பிரித்தெடுக்க வழியில்லை. வைகாசிச் சடங்குக்கு மூன்று வாரம் கிடக்கிறது. கதவு திறப்பதற்கு முன் தலைவர் யாரென்று தெரிய வேண்டும்.

பாராளுமன்றத் தேர்தல் என்றால் சட்டம் இருக்கிறது, தெரிவத்தாட்சி அலுவலர் இருக்கிறார், கடைசியில் நீதிமன்றம் இருக்கிறது. கோயில் யாப்பில் இருப்பதோ "கூடிய வாக்குப் பெற்றவர் தலைவராவார்" என்ற ஒற்றை வரி. அதனால் ஆளுக்கொரு வழி சொன்னார்கள்: அப்படியே விடுவோம், முழுவதையும் திருப்பி எண்ணுவோம், ஒரு பெட்டியை மட்டும் எண்ணுவோம், நிராகரித்ததை மட்டும் பார்ப்போம், கொஞ்சச் சீட்டை எடுத்துப் பரிசோதிப்போம், திரும்ப வாக்கெடுப்பு வைப்போம், அம்மன் முன்னால் திருவுளச்சீட்டுப் போடுவோம். நான் கணிதம் படிப்பித்தவன். தேர்தல் கடமைக்கு இந்துக் கல்லூரி மண்டபத்தில் இரவிரவாக வாக்கு எண்ணியும் பழக்கம். எந்த வழிக்கு என்ன கணக்கு என்று கேட்டு இரண்டு தரப்பும் வந்தன.

எதில் சந்தேகம் என்று முதலில் பிரிக்க வேண்டும்

"வாக்கில் பிழை" என்று மொத்தமாகச் சொல்வதில் மூன்று வேறு விடயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, எண்ணியதில் பிழை: சீட்டு தவறான கட்டுக்குள் போனது, 49ஐ 50 என்று எழுதியது. இரண்டாவது, வாசித்ததில் பிழை: செல்லக்கூடிய சீட்டை நிராகரித்தது அல்லது செல்லாததை ஏற்றுக்கொண்டது. மூன்றாவது, வாக்குப் போட்டவரிலேயே பிழை: உரிமை இல்லாதவரின் சீட்டு பெட்டிக்குள் போனது. திருப்பி எண்ணுவது முதலாவதைத் திருத்தும். இரண்டாவதைத் திருத்த நிராகரித்த கட்டை அவிழ்க்க வேண்டும். மூன்றாவதை ஆயிரம் தரம் எண்ணினாலும் திருத்த முடியாது. கோயில் மண்டபத்தில் நடந்த வாக்குவாதத்தில் பாதி, ஒரு தரப்பு முதலாவதைப் பேச மறுதரப்பு மூன்றாவதைப் பேசியதால் வந்தது.

எண்ணியதில் வரும் பிழையைப் பார்ப்போம். ஒரு சீட்டு கட்டு மாறினால் வித்தியாசம் இரண்டால் அசையும். 9ஐக் கவிழ்க்க, தோற்றவரின் 5 சீட்டு வென்றவரின் கட்டுக்குள் கிடக்க வேண்டும். இருநூறில் ஒரு சீட்டு இடம் மாறியிருக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 5 சீட்டு மாறியிருக்கும். ஐந்தும் வென்றவரின் பக்கமாகவே மாறியிருக்க வாய்ப்பு 32இல் 1. சிதறலாக நடக்கும் கைப்பிழை ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். அதற்குப் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது கட்டுப்பிழைக்கு. 50 சீட்டுக் கட்டு ஒன்று முழுவதாக மறுபக்க மேசைக்குப் போயிருந்தால் வித்தியாசம் ஒரேயடியாக 100 மாறும். இரவு இரண்டு மணிக்குத் தேத்தண்ணியோடு கட்டுக்கு றப்பர் பட்டி போடும்போது அது நடக்கும். எனவே மறுஎண்ணிக்கை என்றால் சீட்டைத் தொடுவதற்கு முன் கணக்கைத் தொட வேண்டும். வழங்கிய சீட்டின் அடிக்கட்டை எத்தனை, பெட்டிக்குள் இருந்தது எத்தனை, கட்டுகளின் கூட்டுத்தொகை எத்தனை, மூன்றும் பொருந்துகின்றனவா? அடிக்கட்டை 1,046 என்று வந்தது. அதோடு ஒரு பெரிய பயம் தீர்ந்தது.

அப்படியே விட்டுவிடலாம் என்ற வழிக்கும் ஒரு நியாயம் உண்டு. பிறகு வரும் கணக்கின்படி, சந்தேகச் சீட்டுகள் பாதிக்குப் பாதி விழுந்திருந்தால் நூற்றுக்கு 93 தரம் அதே ஆள்தான் வென்றிருப்பார். ஆனால் 1,046 சீட்டை இரண்டு முகவர்களுக்கும் காட்டிக் காட்டி எண்ண இரண்டு மணித்தியாலம் போதும். இரண்டு மணித்தியாலத்தில் தீரும் சந்தேகத்தை மூன்று வருடப் பதவிக்காலம் முழுவதும் சுமப்பதற்குக் காரணமில்லை.

சோறும் பானையும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை வைத்து, "நூறு சீட்டை உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்றார் ஒரு இளைஞர். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர், சும்மா சொல்லவில்லை. சீட்டுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, முடிவு சரிதான் என்று உறுதி வரும்வரை பார்த்துக்கொண்டு போகும் தணிக்கை முறை அமெரிக்காவில் இருக்கிறது. பிலிப் ஸ்டார்க் என்ற புள்ளிவிபரவியலாளர் 2008 அளவில் முன்வைத்தது. கொலராடோ மாநிலம் 2017இல் மாநிலம் முழுவதும் நடைமுறைப்படுத்தியது.

ஆனால் இதில் எத்தனை சீட்டுப் பார்க்க வேண்டும் என்பது மொத்தச் சீட்டில் தங்கியில்லை, வித்தியாசத்தில் தங்கியிருக்கிறது. வித்தியாசம் பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் மாதிரி நூறு மடங்காகும். 2024 ஜனாதிபதித் தேர்தலின் முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915, சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. செல்லுபடியான வாக்கில் கிட்டத்தட்ட 9.5 வீத இடைவெளி. முதலிடம் யாருக்கு என்பதை மட்டும் சரிபார்க்க, நாடு முழுவதிலுமிருந்து ஒழுங்காகக் குலுக்கி எடுத்த சில நூறு சீட்டுப் போதும். எங்கள் கோயிலில் இடைவெளி 0.9 வீதம். பத்துக்கு ஒன்று பிழைக்கலாம் என்று விட்டுக்கொடுத்தாலும் அதே சூத்திரம் 58,000 சீட்டுக்கு மேல் கேட்கிறது. இருப்பது 1,046. அதாவது எல்லாவற்றையும் எண்ணு என்கிறது. மாதிரி முறை பெரிய இடைவெளியை மலிவாக உறுதிப்படுத்தத்தான். இழுபறிக்கு அது உதவாது.

இந்தியாவில் இதே விவாதம் வேறு உருவத்தில் நடந்தது. மின்னணு இயந்திரத்தோடு இணைந்த காகிதச் சீட்டுகளில், சட்டமன்றத் தொகுதிக்கு 5 இயந்திரத்தினதைச் சரிபார்க்கும்படி உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் சொன்னது. அதற்கு முன் ஒன்று. எதிர்க்கட்சிகள் கேட்டது 50 வீதம். நாடு முழுவதற்கும் 479 இயந்திரம் போதும் என்ற நிபுணர் அறிக்கையும் முன்னால் இருந்தது. இயந்திரங்கள் பொதுவாக ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்ற கேள்விக்கு அந்த 479 நல்ல விடைதான். ஒரு தொகுதியில் ஒரு வாக்கால் தோற்றவரின் கேள்வி அதுவல்ல. ராஜஸ்தானில் நாத்துவாரா தொகுதியில் 2008இல் சி. பி. ஜோஷி 62,215க்கு 62,216 என்று தோற்றார். அவருக்கு நாட்டுச் சராசரியால் என்ன பயன்?

"ரெண்டாம் பெட்டிய மட்டும்"

தோற்ற தரப்பின் முகவர் என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்: "சேர், எல்லாத்தையும் எண்ணத் தேவல்ல. ரெண்டாம் பெட்டிய மட்டும் திருப்பி எண்ணினாக் காணும்." இரண்டாம் பெட்டி அவர்களின் ஆட்கள் கூட இருக்கும் பக்கம். தந்திரம் என்று அவரே நினைக்கவில்லை. பிழை நடந்த இடம் என்று உண்மையாகவே நம்பினார்.

கணக்கு என்ன சொல்கிறது? ஒரு பெட்டியில் ஒருவருக்கு 70 வீத ஆதரவு என்றால், அங்கே புதிதாகக் கண்டெடுக்கும் ஒவ்வொரு பத்து வாக்கிலும் ஏறத்தாழ ஏழு அவருக்குப் போகும், நிகரம் நாலு கூடும். மறுபெட்டியில் அதே அளவு கண்டெடுத்தால் அது மறுபக்கம் இழுத்துச் சமப்படுத்தும். ஒரு பெட்டியை மட்டும் திறப்பவருக்குப் பிழை இருந்தாலும் இலாபம், இல்லாவிட்டால் நட்டமில்லை.

2000ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில், புளோரிடாவில் அல் கோர் தரப்பு செய்ததும் இதுதான். ஏறத்தாழ 60 இலட்சம் வாக்குப் பதிவான மாநிலத்தில் கடைசியாக உறுதிசெய்த வித்தியாசம் 537. கைமுறை மறுஎண்ணிக்கைக்கு அவர்கள் கேட்டவை நாலு மாவட்டங்கள், நாலும் தங்களுக்குச் செல்வாக்கான இடங்கள். துளையிட்ட அட்டையின் துண்டு முழுவதாக விழாமல் தொங்கினால் அதை வாக்காக எடுப்பதா என்பதற்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு அளவுகோல். அந்தச் சமமின்மையைச் சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் டிசம்பர் 12ஆம் திகதி எண்ணிக்கையை முடித்துவைத்தது. பிறகு ஊடகங்கள் சேர்ந்து 175,000 அளவான சீட்டுகளை ஆய்வுசெய்வித்தன. கோர் கேட்ட நாலு மாவட்டம் மட்டும் எண்ணியிருந்தால் எதிர்த்து நின்ற புஷ்ஷே வென்றிருப்பார். மாநிலம் முழுவதும் நிராகரித்த எல்லாச் சீட்டையும் பார்த்திருந்தால் கோர் மயிரிழையில் முந்தியிருக்கக்கூடும் என்று வந்தது. இதை முகவரிடம் சொன்னேன். சிரித்தார், ஆனால் கோரிக்கையைக் கைவிடவில்லை.

தமிழ்நாட்டில் ராதாபுரம் கதை பலருக்கு நினைவிருக்கும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அப்பாவு 49 வாக்கால் இன்பதுரையிடம் தோற்றார். தலைமையாசிரியர் சான்றொப்பமிட்டது செல்லாது என்று 203 தபால் வாக்குகளை ஒதுக்கியிருந்தார்கள். அவற்றையும் கடைசி மூன்று சுற்றையும் திருப்பி எண்ணச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஒக்டோபரில் உத்தரவிட்டது. எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. இங்கே ஒரு பகுதியைத் தெரிவுசெய்ததைக் குறைசொல்ல மாட்டேன். ஏனென்றால் தெரிவுக்குக் காரணம் இடமல்ல, சீட்டின் வகை. 203 சீட்டில் 126 அப்பாவுக்கு விழுந்தால் சமன். 62 வீதம். நாணயம் சுண்டியதுபோல் பாதிக்குப் பாதி என்று எடுத்தால் அதற்கு வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. ஆனால் ஆசிரியர்களின் தபால் வாக்கு நாணயமல்ல. திறந்து பார்க்காமல் இரண்டும் சொல்ல முடியாது. நீதிமன்றத்திலேயே பதவிக்காலம் கரைந்தது. 2021இல் அதே தொகுதியில் அப்பாவு வென்று சபாநாயகருமானார்.

நிராகரித்த கட்டு

எனக்கு மிகப் பிடித்த வழி இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். அமெரிக்காவில் 2000 முதல் 2019 வரை மாநிலம் தழுவிய தேர்தல்களில் 31 மறுஎண்ணிக்கை நடந்தது. முடிவு மாறியது மூன்றில்: 2004 வாஷிங்டன் மாநில ஆளுநர், 2006 வெர்மொன்ட் கணக்காய்வாளர், 2008 மினசோட்டா செனட். மூன்றிலும் முதல் வித்தியாசம் சில நூறுக்குள். வாஷிங்டனில் 261 வாக்கால் முன்னணியில் நின்றவர் கடைசியில் 129ஆல் தோற்றார். மினசோட்டாவில் 29 இலட்சம் அளவான வாக்கில் நோர்ம் கோல்மன் 215 முன்னால் நின்றார். அல் ஃபிராங்கன் 312ஆல் வென்றார். இரண்டு மாநிலத்திலும் கடைசி வித்தியாசத்தில் பெரும் பங்கு தவறாக ஒதுக்கிவைத்த தபால் வாக்குகளிலிருந்து வந்தது. மினசோட்டாவில் ஆட்சேபித்த சீட்டுகளை ஒரு குழு எல்லோரும் பார்க்க ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்ப்புச் சொன்னது. ஒருவர் ஃபிராங்கனுக்கும் அடையாளமிட்டு, பக்கத்தில் "பல்லி மனிதர்கள்" என்றும் எழுதி அதற்கும் அடையாளமிட்டிருந்தார். அதற்கும் விவாதம் நடந்தது, தள்ளிவிட்டார்கள்.

எங்கள் 31இல் 8 வெறுஞ்சீட்டு. 9இல் இரண்டு கட்டத்திலும் புள்ளடி. இவற்றில் பேச ஒன்றுமில்லை. மிச்சம் 14. பத்தில் புள்ளடிக்குப் பதிலாகச் சரி அடையாளம். இரண்டில் புள்ளடி நடுக்கோட்டின் மேலேயே இருந்தது. அந்த இரண்டில் ஒன்றின் கால் மேல் கட்டத்துக்குள் ஒரு நெல்மணி அளவு நீண்டிருந்தது. ஒன்றில் கீழ்க் கட்டத்துப் புள்ளடியை வட்டம் வட்டமாகக் கிறுக்கி அழித்துவிட்டு மேலே போட்டிருந்தது. இன்னொன்றில் ஒருவருக்கு ஒழுங்காகப் புள்ளடி, கீழே "அம்மாளே காப்பாத்து". எழுத்து இருந்தால் செல்லாது என்று அன்றிரவு தள்ளிவிட்டார்கள். எழுத்துப் போட்டவரை அடையாளம் காட்டினால் தள்ளுவது சரி. ஊரே சொல்லும் வேண்டுதல் யாரைக் காட்டப்போகிறது?

இந்த 14இலிருந்து 9 வித்தியாசத்தைத் தாண்ட, தோற்றவருக்கு 12 விழ வேண்டும். பாதிக்குப் பாதி என்றால் வாய்ப்பு 154இல் 1. சரி அடையாளம் போட்டவர்கள் பெரும்பாலும் அவரின் பக்கத்து வயதானவர்கள் என்று ஒரு கதை ஓடியது. அது உண்மையாகி ஆதரவு 70 வீதமென்றால் அதே வாய்ப்பு ஆறில் ஒன்றாக ஏறுகிறது. நாம் வைக்கும் அனுமானத்தைப் பொறுத்து 154இல் ஒன்றிலிருந்து 6இல் ஒன்றுக்குத் தாவும் எண்ணை வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. நல்ல காலம், இந்தச் சீட்டுகள் மேசையில் இருக்கின்றன. கண்ணால் பார்க்கக்கூடியதை நிகழ்தகவால் மதிப்பிடுவது சோம்பல். ஒரே நிபந்தனை, எந்த வகைச் சீட்டு செல்லும், எது செல்லாது என்பதைக் கட்டை அவிழ்ப்பதற்கு முன் கடதாசியில் எழுதி இரு முகவரும் கையொப்பமிட வேண்டும். அவிழ்த்த பிறகு எழுதும் விதி யாருக்கு எத்தனை என்று தெரிந்துகொண்டு எழுதும் விதி.

நிராகரித்த தொகை வித்தியாசத்தை விடப் பெரிது என்றதும் முடிவே சந்தேகம் என்று கூவுவது எங்கள் நாட்டு வழக்கம். 2005 ஜனாதிபதித் தேர்தலை எடுங்கள். மஹிந்த ராஜபக்ஷவுக்கு 4,887,152. செல்லுபடியான வாக்கு 9,717,039. அரைவாசியை விட அவர் கூடுதலாகப் பெற்றது ஏறத்தாழ 28,600 மட்டுமே, நிராகரித்ததோ 109,869. நாலு மடங்கு. ஆனால் அத்தனையும் செல்லும் என்று ஏற்றிருந்தாலும், அவருக்கு அதில் 24 வீதம் கிடைத்தால் 50 வீதத்தைத் தாண்டிவிடுவார். நாடு முழுவதும் 50 வீதம் எடுத்தவருக்கு நிராகரித்ததில் 24 கிடைக்காமல் போகுமா? அந்தத் தேர்தலின் உண்மையான கேள்வி நிராகரித்த கட்டுக்குள் இருக்கவில்லை; யாழ்ப்பாண மாவட்டத்தில் 1.21 வீதம் மட்டுமே வாக்களித்ததில் இருந்தது. போடாத வாக்கை எந்தச் சூத்திரமும் எண்ணித் தராது.

பாராளுமன்றத் தேர்தலில் இது இன்னும் சிக்கல். 2024 நவம்பரில் நாடு முழுவதும் 667,240 வாக்கு நிராகரிக்கப்பட்டது, 5.6 வீதம். மட்டக்களப்பில் 5 ஆசனத்துக்குக் கட்சிக்கு 8 பேர், அதற்குள் ஆளுக்கு மூன்று விருப்பு வாக்கு வரை. அங்கே முதலாம் கட்சிக்கும் இரண்டாம் கட்சிக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்று கேட்பதில் பொருளில்லை. கடைசி ஆசனத்தை எந்தக் கட்சியின் மீதி வாக்கு எடுத்தது, கட்சிக்குள் கடைசியாகத் தெரிவானவருக்கும் அடுத்தவருக்கும் எத்தனை விருப்பு வாக்கு என்பவைதான் சந்தேகச் சீட்டோடு ஒப்பிட வேண்டிய இடைவெளிகள். அம்பாறையில் 7 ஆசனத்துக்கும் இதே கதைதான்.

கலந்துபோன 22

இதற்கு நியூயோர்க்கில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது, எங்கள் கோயிலை விடக் கொஞ்சம்தான் பெரியது. 1960களில் நடந்த ஒரு கட்சி உள்தேர்தல். மொத்த வாக்கு 2,827, வித்தியாசம் 17, ஒழுங்கீனமான வாக்கு 101. நீதிமன்றம் திரும்ப நடத்தச் சொன்னது. இன்னொரு வழக்கில் வித்தியாசம் 62, ஒழுங்கீனம் 136. நீதிமன்றம் முடிவைத் தொடவில்லை. ஃபிங்கெல்ஸ்டைன் என்ற சட்டத்தரணியும் ராபின்ஸ் என்ற புள்ளிவிபரவியலாளரும் 1973இல் இவற்றை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். அவர்களின் யோசனை எளிது: ஒழுங்கீனமான வாக்கைப் பெட்டியிலிருந்து கண்ணை மூடி எடுத்ததாக நினைத்துக்கொள். அந்தச் சீட்டுகளின் நிகர ஏற்றத்தாழ்வு அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் அளவில் இருக்கும். 101க்கு வர்க்கமூலம் 10. 17 என்பது அதைப்போல 1.7 மடங்கு, முடிவு மாற வாய்ப்பு நூற்றுக்கு 6 அளவு. 136க்கு 11.7, 62 என்பது 5 மடங்குக்கு மேல், கிட்டத்தட்ட நடக்காது. நீதிபதிகள் சூத்திரம் பார்க்காமலே சரியான பக்கம் நின்றிருக்கிறார்கள்.

எங்கள் 22க்கு வர்க்கமூலம் 4.7. வித்தியாசம் 9. வென்றவருக்கு அந்த 22இல் 16 அல்லது மேல் விழுந்திருந்தால்தான் முடிவு பிழை. வாய்ப்பு நூற்றுக்கு 2.6, அதாவது 38இல் 1. படிக்கக்கூடிய 14ஐயும் சேர்த்தால் சந்தேகச் சீட்டு 36, வர்க்கமூலம் 6, வாய்ப்பு நூற்றுக்கு 7க்குள். நான் முன்னே சொன்ன 93 வந்தது இதிலிருந்துதான்.

இந்தச் சூத்திரத்தைக் கொண்டுபோய் அப்படியே மேசையில் வைத்தால் எங்கள் ஊரில் பிழைக்கும். 22 பேரும் 22 தனி ஆட்கள் அல்லர், 6 குடும்பங்கள். நாலு குடும்பத்தில் நாலு பேர், இரண்டில் மூன்று பேர். கணவன் ஒருவருக்கு, மனைவி மற்றவருக்கு என்று வாக்குப் போடும் வீடுகள் இல்லாமலில்லை, ஆனால் கோயில் தேர்தலில் குறைவு. வீடு முழுவதும் ஒரே பக்கம் என்று எடுத்தால், சுண்டுவது 22 நாணயம் அல்ல, 6 நாணயம். அப்போது 64 விதமாக விழலாம். அதில் 8 விதத்தில் முடிவு கவிழும். 38இல் 1 என்று இருந்தது 8இல் 1 ஆகிவிட்டது. அதே 22 பேர், அதே 9 வாக்கு. மேலைநாட்டுப் புத்தகத்திலிருந்து சூத்திரம் எடுப்பவர்கள் வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டு விழும் வாக்கை மறந்துவிடுகிறார்கள்.

திரும்பவும் வாக்கெடுப்பு

தோற்றவர்களுக்கு இனிப்பான வழி. கிழக்கிலும் நடந்திருக்கிறது: 2010 பாராளுமன்றத் தேர்தலில் திருகோணமலை மாவட்டத்தின் கும்புறுப்பிட்டியில் ஒரு நிலையத்தின் வாக்கெடுப்பையும், கண்டி மாவட்டத்தின் நாவலப்பிட்டியில் பல நிலையங்களினதையும் இரத்துச் செய்து, ஏப்ரல் 20ஆம் திகதி திரும்ப நடத்தினார்கள்.

ஒஸ்திரியாவில் 2016 ஜனாதிபதித் தேர்தலில் முழு நாடும் திரும்ப வாக்களித்தது. வித்தியாசம் 30,863. 77,926 தபால் வாக்குகளைக் கையாண்ட விதத்தில் ஒழுங்கீனம். மோசடி நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. அந்த ஒழுங்கீனம் முடிவை மாற்றியிருக்க வாய்ப்பு பல நூறு கோடியில் ஒன்று என்று கணிதவியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எண்ணிக்கை அளவில் மாறியிருக்க முடியும் என்பதே போதும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் ஜூலை 1ஆம் திகதி இரத்துச் செய்தது. ஒக்டோபரில் நடத்தப் பார்த்தால் தபால் உறையின் பசை ஒட்டவில்லை. டிசம்பர் 4ஆம் திகதிக்குத் தள்ளிப்போனது. முதல் வென்ற அதே வான் டெர் பெல்லன் 53.8 வீதத்தோடு வென்றார். கணக்கு தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தத் தீர்ப்பில் எரிச்சல்தான். ஆனால் நீதிமன்றம் காத்தது முடிவை அல்ல, விதியை. அது வேறு கேள்வி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் தரம் நடப்பது அதே தேர்தல் அல்ல. யார் எத்தனை என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு போடும் வாக்கு அது. ஆட்களும் குறைவார்கள். மண்டபத்துப் படியில் இருந்த ஒரு அம்மா சொன்னார்: "மறுகா ஒருக்கா வரச் சொன்னா நான் வரமாட்டன் மனே, எனக்குக் கால் ஏலா." அதோடு, பிழைத்தது பெயர்ப் பட்டியல். அதைத் திருத்தாமல் வாக்கெடுப்பை மட்டும் திரும்ப வைத்தால் அதே 22 பேரும் திரும்ப வரிசையில் நிற்பார்கள். மூன்று வாரத்தில் பட்டியலைத் திருத்தி ஆட்சேபணையும் கேட்டு முடிக்க முடியாது.

திருவுளச்சீட்டு வழியை விரைவாகக் கடக்கலாம். சமன் வந்தால் அதை விட நேர்மையானது இல்லை. 2017 வேர்ஜீனியாவில் ஒரு மாநில சபைத் தொகுதியில் ஆளுக்கு 11,608 என்று வந்து, 2018 ஜனவரியில் கிண்ணத்துக்குள் கைவிட்டுப் பெயரை எடுத்தார்கள். எங்கள் பிரதேச சபைகளில் தவிசாளர் தெரிவிலும் பார்த்திருக்கிறோம். ஆனால் 9 வாக்கு முன்னால் நிற்பவரைப் பாதிக்குப் பாதி குலுக்கலுக்கு இழுப்பது, அவர் பக்கம் சாய்ந்திருக்கும் தகவலைக் குப்பையில் போடுவது.

கடைசியில் நான் எழுதிக் கொடுத்த வரிசை: அடிக்கட்டைக் கணக்கு, முழு மறுஎண்ணிக்கை, விதியில் கையொப்பம், பிறகு நிராகரித்த கட்டு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எண்ணினார்கள். ஒரு சீட்டு கட்டு மாறிக் கிடந்தது: 511க்கு 504. அந்த 14 சீட்டும் விதிக்குள் செல்லுபடியாகி ஆளுக்கு 7 என்று பிரிந்தன: 518க்கு 511. வித்தியாசம் 7.

22 பேர் விடயத்தில் மட்டும் சமாதானம் வரவில்லை. வித்தியாசம் 7 என்றானதும் அந்த வாய்ப்பும் ஏறிவிட்டது: தனித்தனி ஆட்கள் என்றால் நூற்றுக்கு 7 அளவு, வீடு வீடாக என்றால் நாலில் ஒன்று. நாலில் ஒன்று சின்ன விடயமில்லை. அதை வைத்து வென்றவரை இறக்கவும் முடியாது, மூன்று வருடம் இருத்தவும் மனம் வராது. எனவே வென்றவர் சடங்கை நடத்தட்டும், பதவிக்காலம் ஒரு வருடம் மட்டும், அடுத்த பொதுக்கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்னதாகச் சந்தாப் பட்டியலை மூடிவிட வேண்டும் என்று சொன்னேன். வென்ற தரப்பு முறுமுறுத்தது. தோற்ற தரப்பு, பட்டியலைக் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டுவதானால் சம்மதம் என்றது. ஒட்டுவதற்கான திகதியையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, அதற்குக் கீழே இருவரும் கையொப்பமிட்டார்கள்.